நடுநிலை என்னும் நிழல்

"ஐயா, நீர் எந்தப் பக்கம்?" என்று அன்பர்கள் வினவுங்கால், மத்திய அரசு எழுத்தராகிய நமக்கு எளிய விடை ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளுள் ஐந்தாவது, நாம் எக்கட்சியிலும் சேரலாகாது என்கிறது. வாக்களிக்கலாம், எவருக்கென்று வெளியிடலாகாது. ஆயின் விதி கட்டுவது நாவையே, நெஞ்சை அன்று.

தொழிற்சங்க நண்பர் நம்மை 'நடுநிலையாளர்' என எள்ளுகிறார். மைத்துனரோ 'முற்போக்குக்காரர்' என நகைக்கிறார். இரு பெயர்களும், மெய்யாகச் சொன்னால், இடத்திற்கேற்ப நமக்கு வசதியாகவே இருந்தன.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் காட்டுவது துலாக்கோல். பண்டம் வைத்தபின்னும் தாழாத தராசை எந்த வணிகர் வாங்குவார்? 1930இல் இதே வடாலாவின் உப்பளங்களுள் ஆயிரக்கணக்கானோர் சட்டத்தை மீறிப் புகுந்து தடியடி பட்டனர். அன்று ஒதுங்கி நின்றவர் தம்மை நடுநிலையாளர் என்றே எண்ணியிருக்கக்கூடும்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்புச் சங்கத்தில், வீட்டுவேலைக்கு வருவோர் லிஃப்டில் ஏறலாகாது என்றொரு தீர்மானம் வந்தது. இருபுறமும் வேண்டியவர்கள். நாம் கை உயர்த்தவில்லை. ஒரே வாக்கு மிகையால் அது நிறைவேறிற்று.

தாராவியிலிருந்து நம் இல்லத்திற்கு வரும் அம்மையார் அறுபதை நெருங்கியவர். ஆறாம் மாடிவரை படியேறி, வாசலில் நின்று மூச்சு வாங்கிய பின்னரே மணியை அழுத்துகிறார். உள்ளே நமக்கு அந்த மூச்சொலி கேட்கிறது.

தீர்மானத்தை நீக்கக் கோரும் விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டோம். கையொப்பத்திற்கு முதலில் மைத்துனரிடந்தான் செல்லவேண்டும்; அவர் நான்காம் மாடி.