பழைய ஏட்டுக்குப் புதிய தலைப்பு

ஒரு நூலுக்கு ஆசிரியர் இடும் பெயர் ஒன்று. அந்நூலைத் தேடி வருவோர்க்காக நூலகத்தார் இடும் பெயர் மற்றொன்று. முன்னதற்கு ஆசிரியரே பொறுப்பாவார். பின்னதற்குப் பொறுப்பாவார் யார் என்பதை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் பெற்ற பிள்ளைகளைக் 'கெட்டிக்காரன்' என்றும் 'மந்தன்' என்றும் நாள்தோறும் பெயரிட்டு அழைக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வினா அயலானதன்று.

அமெரிக்க அரசின் ஆதரவில் 1966 முதல் நடந்துவரும் 'எரிக்' என்னும் கல்வியாய்வுத் தொகுப்பில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் அறிக்கைகளையும் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவற்றுக்குச் சூட்டப்படும் பொருள் தலைப்புகளை நெறிப்படுத்த ஒரு சொற்களஞ்சியமும் உண்டு. நம் திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தருவன. இக்களஞ்சியமோ பல பெயர்களுள் ஒன்றை அரியணை ஏற்றி, ஏனையவற்றை வாயிலில் நிறுத்தி வழிகாட்டச் சொல்வது. எச்சொல்லை அரியணையில் அமர்த்துவது என்பதிலேதான் சிக்கல் பிறக்கிறது.

'மனவளர்ச்சி குன்றுதல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பு வழங்கிய சொற்கள் இகழ்ச்சிச் சொற்களாகிவிட்டமையால், மதிப்புடைய சொல்லாக அது வந்தது. பின்னர் அதுவும் தெருவில் வசைச் சொல்லாயிற்று. 2010இல் 'ரோசா சட்டம்' அதனை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து நீக்கி, 'அறிவுத்திறன் குறைபாடு' என்னும் பொருளுடைய தொடரை அமர்த்தியது. எரிக் தொகுப்பின் தலைப்பும் பிற்காலத்தில் அவ்வாறே மாறியது.

இனி வரும் கட்டுரைகளுக்குப் புதிய தலைப்பு என்பதில் எவர்க்கும் தடையில்லை. முன்னரே வந்தவற்றுக்கு? பழைய ஏட்டில் கை வைப்பது வரலாற்றைத் திருத்துவதாகும் என்பர் சிலர். இவ்வாதம் வலுவுடையதாகத் தோன்றவில்லை. கட்டுரையின் பெயரும் அதன் சொற்களும் ஆசிரியர்க்கு உரியவை. அவற்றைத் தொடுவது குற்றமே. தலைப்போ நிறுவனத்தின் குரல். இன்று தேடுவோனிடம் இன்று பேசும் குரல் அது. தான் இகழ்ச்சி என்று ஒதுக்கிய சொல்லைத் தன் வாயாலேயே தொடர்ந்து சொல்லும் கடமை நிறுவனத்துக்கு இல்லை.

ஆயினும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதோடு கடமை முடிந்துவிடுவதாகக் கொள்வதற்கும் இல்லை. 1959இல் அமெரிக்க மனக்குறைபாட்டுச் சங்கம் வகுத்த வரையறையில் நுண்ணறிவு ஈவின் எல்லை ஏறக்குறைய 85 ஆக இருந்தது. 1973இல் அதே சங்கம் அதனை 70 அளவுக்கு இறக்கியது. ஈவு ஒன்றையே அளவாகக் கொண்டால், முன்னதன்படி நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரும் பின்னதன்படி 2 பேருமே எல்லைக்குள் வருவர். சொல் ஒன்றே, அது சுட்டிய பிள்ளைகளோ வேறு. ஈவு 80 உடைய சிறுவரைப் பற்றி 1968இல் எழுதப்பட்ட ஓர் ஆய்வுக்கு இன்றைய தலைப்பை ஒட்டினால், இன்றைய அளவுகோல் சொல்லாத ஒன்றை அச்சிறுவர்மீது நாம் புதிதாகச் சுமத்துகிறோம்.

கலிபோர்னியாவில் 1970இல் 'டயானா' வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கு எழுந்தது. மெக்சிகோ வழிவந்த 9 குழந்தைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு, மனவளர்ச்சி குன்றியோர்க்கான வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்கள் அறிந்த ஸ்பானிய மொழியில் மறுமுறை சோதித்தபோது பெரும்பாலோர் அவ்வெல்லையைக் கடந்துவிட்டனர். குறை குழந்தைகளிடம் இல்லை; சோதித்த மொழியில் இருந்தது. அத்தகைய வகுப்புகளைப் பற்றிய அக்கால ஆய்வுகளுக்கு 'அறிவுத்திறன் குறைபாடு' என்று கண்ணியமாகத் தலைப்பிடுவது பழைய அநீதிக்குப் புதிய சட்டை தைத்துக் கொடுப்பதாகாதா? 'மாணவர் இடமளிப்பு' என்னும் தலைப்பும் அக்களஞ்சியத்தில் உண்டு. அப்பிள்ளைகளை இன்னார் என்று சொல்லாமல், அவர்களுக்குச் செய்யப்பட்டது இன்னது என்று சொல்லும் தலைப்பு அது. அதுவே அங்குப் பொருந்தும் என்பது என் துணிபு.

ஆனால், எந்த ஆய்வுக்கு எது பொருந்தும் என்று அறிய ஒருவர் அமர்ந்து அதனைப் படிக்கவேண்டும். சொல்லை மாற்றக் கணிப்பொறிக்கு ஒரு நொடி போதும். படிக்க மனிதர் வேண்டும், மனிதர்க்கு ஊதியம் வேண்டும். 2025இல் இத்தொகுப்புக்கான நிதியை அமெரிக்க அரசு குறைத்தது. இத்தகைய வேளையில் எளிதில் கைவிடப்படுவது, புறத்தார் கண்ணுக்குத் தெரியாத இந்தப் படிப்பு வேலைதான்.

பழைய சொல்லை முற்றிலும் அழித்துவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. பழைய நூல்களில் அச்சொல்லைக் கண்டு, அதனையே இட்டுத் தேடும் மாணவன் வெறுங்கையோடு திரும்ப நேரும். அக்களஞ்சியத்தின் அச்சுப் பதிப்புகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பதவி இழந்த தலைப்பைப் புதிய தலைப்பின்கீழ்ச் சிறிய எழுத்தில் வைத்து, அது வழங்கிய ஆண்டுகளை '1966 1980' என்பதுபோல் அடைப்புக்குறிக்குள் காட்டுவர். எந்த ஆண்டு ஆய்வை எச்சொல்லின் பொருளில் படிக்கவேண்டும் என்பதை அவ்விரண்டு எண்களே தேடுவோனுக்கு உணர்த்திவிடும்.