அருகிருத்தலும் ஓர் அறமே

அறம் என்பது செயலைப் பற்றியதென்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. பசித்தவனுக்கு உணவளித்தல், வீழ்ந்தவனைத் தூக்கிவிடுதல் என அதற்குக் காட்டப்படும் உதாரணங்கள் யாவும் கையாற் செய்யப்படுவன. ஆயின், அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே நினைவற்றுக் கிடக்கும் பிள்ளையின் அருகே இரவு முழுவதும் அமர்ந்திருக்கும் தாயோ தந்தையோ செய்வது யாது? சுவாசத்தை இயந்திரம் தருகின்றது. மருந்தின் அளவை வைத்தியர் தீர்மானிக்கின்றார். உடலைத் தாதியர் பேணுகின்றனர். பெற்றோருக்கு எஞ்சியிருப்பது பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே. பயன் எதனையும் விளைக்காததாகத் தோன்றும் இக்காவல் வெறும் பாசத்தின் தவிப்பா, அன்றி அறத்தின்பாற்பட்டதா என்பது சிந்தனைக்குரியது.

இச்சிகிச்சை முறையின் தோற்றமே இவ்வினாவுக்கு ஒளி தருகின்றது. 1952 ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளர் நாடோறும் வந்து சேர்ந்தனர். அவர்களிற் சிறுவர் பலர். இருந்த சுவாசக் கருவிகளோ மிகச் சில. மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, அதனுடன் இணைத்த பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். அப்பையை இரவு பகலாக ஓயாது அமுக்குவார் யார்? ஏறத்தாழ 1500 மாணவர் முறைவைத்துப் படுக்கையருகே அமர்ந்து அப்பணியைச் செய்தனர். 1953 இல் இப்சன் அந்நகரிலே தொடங்கிய பிரிவே இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. ஒருவர் அருகே மற்றொருவர் விடாது இருத்தல் என்பதிலிருந்தே அது பிறந்தது எனலாம். பின்னர் கையின் இடத்தை இயந்திரம் பெற்றது. அருகிருத்தல் பயனற்றது போலத் தோன்றலாயிற்று.

பெற்றோரின் வருகை சிகிச்சைக்கு இடையூறு என்ற எண்ணம் வைத்தியசாலைகளில் நெடுங்காலம் நிலவியது. பிள்ளை பெற்றோரைக் கண்டால் அழும். காணாவிடின் அமைதியாயிருக்கும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அவ்வமைதி நிறைவின் அமைதியன்று, நம்பிக்கை இழந்ததன் அமைதி என்பதை ஜேம்ஸ் றொபேட்சன் 1952 இல் வெளியிட்ட திரைப்படம் புலப்படுத்தியது. 1959 இல் வெளிவந்த பிளாற் அறிக்கை, பிரித்தானிய வைத்தியசாலைகளில் பிள்ளைகளைப் பெற்றோர் தடையின்றிக் காண இடமளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

எனினும் பயனைக் காட்டி அருகிருத்தலை நியாயப்படுத்துவது மட்டும் போதாது. தாயின் குரலைப் பிள்ளை கேட்கின்றதென்று உறுதியாகக் கூற முடியாத நிலையில் அந்நியாயம் தளர்ந்துவிடும். இறந்தாரை நீராட்டி மலர் சூட்டுவதால் அவர்க்கு யாது பயன் என்று எவரும் கேட்பதில்லை. ஒருவருக்குச் செய்யவேண்டிய கடன், அதனால் அவர் அடையும் பயனோடு முடிந்துவிடுவதன்று. சிகிச்சைப் பிரிவிலே பிள்ளை இதயத் துடிப்பாகவும் ஒட்சிசன் அளவாகவும் இரத்த அழுத்தமாகவும் பகுக்கப்படுகின்றது. உயிர் காக்க அப்பகுப்பு இன்றியமையாதது. ஆனால் அப்பிள்ளை இருளுக்கு அஞ்சும், எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்க்கும் என்பவற்றை அறிந்த ஒருவர் அங்கே இருக்கும்வரை அது முழு மனிதப் பிறவியாகவே நிலைக்கின்றது. அம்முழுமைக்குச் சாட்சியாக இருப்பதே பெற்றோரின் காவல்.

இங்கே கடினமானதொரு வினா எழுகின்றது. 2017 இல் இங்கிலாந்திலே, அரிய மரபணு நோயால் இயந்திரச் சுவாசத்திலிருந்த கைக்குழந்தையைப் பரிசோதனை நிலையிலிருந்த சிகிச்சைக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப் பெற்றோர் விரும்பினர். அதனாற் குழந்தைக்கு நன்மையில்லை, துன்பமே நீளும் என வைத்தியர் கருதினர். குழந்தையின் நலனே அளவுகோல், பெற்றோரின் விருப்பமன்று எனக் கூறி நீதிமன்றங்கள் வைத்தியர் பக்கமே தீர்ப்பளித்தன. அத்தீர்ப்பை ஏற்பார் உளர், மறுப்பார் உளர். ஆயின் அது சுட்டும் உண்மையை மறுத்தல் அரிது. பிள்ளையை நெருங்கி அறிந்தவரே அதன் துன்பத்தைக் காணச் சகியாதவருமாவர். இழக்க மாட்டேன் என்ற அச்சம் கண்ணை மறைக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர் பிள்ளையைப் பாராது தம் அச்சத்தையே பார்க்கின்றார். சாட்சியாக இருப்பவர் காண விரும்பாததையும் காணக் கடமைப்பட்டவர். போராடு என்று பிள்ளையின் நிலை சொல்லும்போது போராடுவதும், போதும் என்று சொல்லும்போது அதனைக் கேட்பதும் அக்காவலின் இரு கூறுகளே.

பல நாள் உறங்காத ஒரு தாயிடம் இத்துணைத் தெளிவை எதிர்பார்ப்பது நீதியாகுமா? தனித்து விடப்பட்டவரிடம் எதிர்பார்ப்பது நீதியன்று. உண்மையை மறைக்காது, புரியும் மொழியில் எடுத்துரைத்தல் வைத்தியரின் கடன். முறைமாற்றி அமர்ந்து ஓய்வளித்தல் சுற்றத்தாரின் கடன். படுக்கையருகே ஒரு கதிரைக்கு இடம் விடுதல் நிறுவனத்தின் கடன். கொப்பன்ஹேகனில் எந்த மாணவரும் அப்பையைத் தனித்து இரவு பகலாக அமுக்கவில்லை. ஒருவர் கை சோருமுன் மற்றொருவர் கை வந்து சேர்ந்தது. பிள்ளையைக் காப்பவரையும் ஒரு சமூகம் அவ்வாறு காக்குமாயின், அவருடைய அருகிருத்தல் தவிப்பாக மாத்திரம் நின்றுவிடாது, அறமாகவும் நிலைபெறும்.