வந்த பணம் ஏன் நிற்பதில்லை?



திடீரென்று பெரும்பணம் பெற்றவர்களில் பலர் சில வருஷங்களில் வெறுங்கையாய் நிற்கிறார்களே, ஏன்? "எல்லாம் குடியும் கூத்தும்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். காரியம் அவ்வளவு லேசானதா?

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார். மாளிகை, கார்கள், வளர்க்கப் புலிகள் என்று வாழ்ந்து, 2003-ல் திவால் மனு போட்டார். குத்துச்சண்டைக்கு வருஷக்கணக்காய்ப் பயிற்சி எடுத்தவர். பணத்தை ஆளுவதற்கோ பயிற்சி இல்லை.

நம்ம நடிகர் சந்திரபாபு 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். புகழின் உச்சியில், மாடி வரைக்கும் கார் ஏறிப்போகும்படி வீடு கட்டத் தொடங்கினார். 'மாடி வீட்டு ஏழை' என்று சொந்தப் படமும் ஆரம்பித்தார். படம் நின்றுபோயிற்று, வீடும் கைவிட்டுப் போயிற்று. குடியும் சேர்ந்துகொண்டது. 1974-ல், 46 வயதில், வறுமையில் மரித்தார். பெசன்ட் நகரிலிருந்து அடையாற்றைத் தாண்டினால், குயிபிள் ஐலண்ட் கல்லறையில் அவரை அடக்கம்பண்ணியிருக்கிறார்கள்.

பீகாரைச் சேர்ந்த சுஷில் குமார் 2011-ல் டி.வி. வினாடி வினாவில் 5 கோடி ரூபாய் ஜெயித்தார். தானதர்மம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து ஏமாந்ததையும், குடிக்கு அடிமையானதையும் 2020-ல் அவரே எழுதினார். பிறகு குடியை விட்டார்.

பாருங்க, ஒருவர் ஆடம்பரத்தில் விட்டார், ஒருவர் தான் நேசித்த தொழிலில் விட்டார், ஒருவர் தர்மத்திலும் விட்டார். ஆனால் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பணம் வந்ததும் 'இது என்னுடையது, இனிமேலும் வரும்' என்ற எண்ணம் வருகிறது. 'இல்லை' என்று சொன்னால் பேர் போய்விடுமே என்ற பயமும் வருகிறது. பத்துப்பத்து ரூபாயாய்ச் சேர்த்தவன் தனக்கும் பிறருக்கும் 'இல்லை' சொல்லிப் பழகியிருப்பான். ஒரே நாளில் பெற்றவனுக்கு அந்தப் பழக்கம் ஏது? லூக்கா 15-ல் இளையகுமாரனுக்கும் தகப்பன் ஆஸ்தி ஒரே நாளில்தான் கைக்கு வந்தது. பஞ்சம் வந்தபோதோ கொடுப்பார் ஒருவருமில்லை.

"நமக்குக் கோடியா வரப்போகுது?" என்று சொல்லாதீங்க. ரிடையர் ஆனால் பி.எஃப். வருகிறது. பூர்வீக நிலம் விற்ற பணம் வருகிறது. வந்த வாரமே கைமாற்று கேட்டு சொந்தக்காரர் வருவார், சீட்டுக்காரர் வருவார், ஊழியத்துக்கென்று கேட்கிறவர்களும் வருவார்கள். அவர்களிடமும் "பொறுங்க" என்று சொல்வது பாவமல்ல. ஆறு மாதம் பணம் பேங்கிலே கிடக்கட்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்கு எழுதுங்கள், ஜெபியுங்கள், பிறகு தீர்மானியுங்கள்.

நாம் எஜமான்கள் அல்ல, உக்கிராணக்காரர்கள். தன்னுடையது அல்ல என்று அறிந்தவனுக்கு 'இல்லை' என்று சொல்ல வெட்கமில்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவும் அவன் கை நடுங்காது.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.