மணி உதிராக் கதிரும் மனிதர் கடப்பாடும்

துணுக்காய்ப் பகுதி வயல்களில் காலபோக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கையில், அரிவாளோ இயந்திரமோ வரும்வரை மணி பெரும்பாலும் கதிரிலேயே தங்கியிருக்கும். உழவர்க்கு இஃது இயல்பாகத் தோன்றும். ஆயினும் நெல்லினத்தின் ஆதி இயல்பு இதுவன்று. உலர்வலயக் குளங்களின் ஓரங்களில் வளரும் காட்டுநெல், மணி முற்றியதும் அதனை உதிர்த்துவிடும். உதிர்தலே அதன் விதைப்பு. அதற்கு மனிதர் துணை வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டின் வேரை 2006ஆம் ஆண்டில் மிச்சிகன் அரசப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். நிவாரா என்னும் காட்டுநெல்லையும் பயிர்நெல்லையும் கலப்புச் செய்து, வழித்தோன்றல்களில் உதிர்வன எவை, உதிராதன எவை எனப் பிரித்து நோக்கி, நான்காம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகை அவர்கள் அடையாளங் கண்டனர். அவ்வலகு ஆக்கும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியமையே உதிர்வு குன்றியதற்குத் தலையாய காரணம் என்றனர். வேறு அலகுகளும் இதிற் பங்குகொள்வதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. கோதுமையும் பார்லியும் தத்தமக்குரிய மாற்றங்களால் இத்தகைய வழியிலேயே பயிராயின.

மணியைத் தானே உதிர்க்க இயலாத நெல், தன் சந்ததிக்கு மனிதர் கையை நம்பியே வாழ்கிறது. அவ்வாறாயின், அதனைச் சார்புடையதாக்கிய நமக்கு அதன்பால் கடப்பாடு உண்டா? இதுவே ஈண்டு எழும் வினா.

இல்லையென்பார் கூற்று வலுவற்றதன்று. ஆதி மனிதர் இதனைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. சீனத்தின் தியன்லுவோசான் அகழ்வில், உதிராக் கதிர்களின் பங்கு நூற்றுக்கு 27இலிருந்து 39 ஆக உயர ஏறத்தாழ 300 ஆண்டுகள் சென்றன. அறுத்தவர் கையில் எஞ்சிய மணியே மறுமுறை விதையாயிற்று. எவரும் அறிந்து செய்ததன்று. கருதாத செயலுக்குக் கடப்பாடு எங்ஙனம் வரும் என்பர்.

ஆனால் கடப்பாடு தொடக்கத்தின் நோக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. பயனை அறிந்து துய்ப்பவன் பொறுப்பையும் ஏற்கின்றான். முன்னோர் அறியாது செய்ததை நாம் அறிந்தே தொடர்கிறோம். ஒவ்வொரு விதைப்பும் அவ்வுடன்படிக்கையைப் புதுப்பிக்கிறது.

இப்பொறுப்பு பயிர்நெல்லோடு முடிவதுமன்று. நெல்லைக் குட்டையாக்கிய வைரசு நோயொன்று ஆசிய வயல்களைத் தாக்கியபோது, பல்லாயிரம் நெல்மாதிரிகளைச் சோதித்தும், உத்தரப்பிரதேசத்திற் பெறப்பட்ட நிவாரா மாதிரியொன்றிலேயே எதிர்ப்புத்தன்மை கிடைத்தது. 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36 அவ்வழியில் வந்ததே. வயலின் செல்வத்தைக் காத்தது, நாம் பயனற்றதென ஒதுக்கிய புல்.

கன்னொறுவையில் இயங்கும் தாவர மரபுவள நிலையம் விதைகளைக் குளிரிற் பேணுகின்றது. அது வேண்டியதே, எனினும் குளிர்ப்பெட்டியில் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் நோய்க்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளாது. அது குளத்தோரத்திலும் வயலிலுமே நிகழும். ஆதலின் குளங்களைத் திருத்துவோர் கரையோரக் காட்டுநெல்லுக்கும் ஓரிடம் விடுதலும், உழவர் பழைய இனங்களுக்கு ஒரு வரப்பளவு நிலமேனும் ஒதுக்குதலும் இரக்கச் செயல்களல்ல, கடன் தீர்த்தலேயாம்.