டயருக்குக் காற்று பார்ப்பது அறமா?

ஆயுத பூசையன்று கள்ளிக்குப்பம் தெருக்களில் கார், ஆட்டோ, லோடு வண்டி எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு நிற்கும். முகப்பில் மாலை, இருபுறமும் வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்ததும் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சார்ந்து பிழைக்கிற வட்டாரத்தில், கருவிக்குப் படையல் இடுவது சோறு போடும் பொருளுக்குச் செலுத்துகிற நன்றி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழத்தின் மேல் ஏறுகிற டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற கேள்விக்குப் பூசையில் இடமில்லை. மாதக்கணக்கில் அதைப் பார்க்காமல் விடுவது வெறும் சோம்பலா, அறப்பிழையா? அறப்பிழைதான் என்பது என் கட்சி. அதனால் விபத்து நேர்ந்தாலும் நேராவிட்டாலும் அது பிழையே.

முதலில் உண்மை நிலவரம். ஓட்டை ஏதும் இல்லாத டயரிலிருந்தும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ காற்று தானாகவே கசிந்துவிடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது; வெப்பம் ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் தளர்த்துகிறது. டயர் வெடிப்பது நொடியில் முடிந்தாலும் அதற்கான ஏற்பாடு வாரக்கணக்கில் நடந்திருக்கும். மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து. தேங்கிய நீரின் மேல் சக்கரம் தரையைத் தொடாமல் வழுக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறும் என்பது விமான டயர்களை வைத்து நாசா கண்ட விதி. கார் டயரில் பட்டையின் தேய்மானமும் அகலமும் சேர்ந்துகொள்ளும் என்றாலும் போக்கு அதுதான். அந்தக் கணக்குப்படி 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 24 இருந்தால், வழுக்கும் வேகம் சுமார் 13 விழுக்காடு முன்னதாகவே வந்துவிடும். ஆயுத பூசை முடிந்த கையோடு சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருகிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான அளவு எது என்பதும் மறைபொருள் அல்ல. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் சட்டத்திலோ பக்கத்துத் தூணிலோ சிறிய அட்டவணை ஒட்டியிருக்கும். முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு என்று. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதை நிரப்பும் அளவாகக் கொள்ளக் கூடாது. அட்டவணை சொல்வது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். சென்னை பைபாஸில் அரை மணி நேரம் ஓடி வந்து பெட்ரோல் பங்கில் அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ‘அதிகமாயிருக்கே’ என்று அதை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அதே டயரில் காற்று போதாது. அக்கறையோடு செய்த வேலையே கேடாகிவிடும். அக்கறைக்கு அறிவும் துணை வேண்டும்.

இனி அறம். கள்ளிக்குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத புழலில் ஆதிநாதருக்குச் சமணக் கோயில் ஒன்று உண்டு. கொல்லாமையைச் சமணர்கள் அளவுக்கு நுணுகி ஆராய்ந்தவர்கள் இல்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது உயிர் போவதை மட்டும் சொல்லவில்லை. கவனமின்மையால் விளையும் உயிர்க்கேடு என்று வரையறுக்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர் மேலும் ஒரு படி போகிறார். விழிப்போடு நடந்த துறவியின் காலடியில் தற்செயலாக ஒரு பூச்சி இறந்தால் அவரைப் பாவம் பற்றாது. விழிப்பின்றி நடந்தவனுக்கோ, எந்த உயிரும் சாகாவிட்டாலும் பாவம் உறுதி. சமணத் துறவி நான்கு முழ தூரம் தரையைப் பார்த்தே அடி வைக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறக்கிறது. பழி விளைவின் மேல் விழவில்லை, விழிப்பின் மேல் விழுகிறது.

இதற்குப் பௌத்தம் மறுப்புச் சொல்லும். எண்ணமே வினை; கொல்லும் எண்ணம் இல்லாதவனைக் கொலைப்பாவம் எப்படிச் சேரும்? வலுவான கேள்விதான். ஆனால் காற்று குறையும் என்று தெரிந்தும் பார்க்காமல் விடுவதில் எண்ணமே இல்லை என்று சொல்ல முடியாது. ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தெருவில் போகிற எவர் எவருடைய உயிரையோ பணயம் வைக்கும் எண்ணம் அது. புத்தர் இறுதியாகச் சொன்ன அறிவுரையும் விழிப்போடு முயலுங்கள் என்பதுதான். வள்ளுவரும் கொல்லாமையை அறத்துப்பாலில் வைத்ததோடு நிற்கவில்லை. பொருட்பாலில், ஆள்பவனுக்குரிய குணங்களுக்கிடையே, பொச்சாவாமை என்று மறவாமைக்குத் தனி அதிகாரம் ஒதுக்கினார். பிறர் உயிர் தன் கையில் இருப்பவனுக்கு மறதி தனிப்பட்ட குறையாக நின்றுவிடாது. ஸ்டியரிங்கைப் பிடிப்பவரும் அந்த நேரத்துக்கு அப்படிப்பட்டவரே. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு தண்டிக்கும். ஆனால் அந்தப் பிரிவு ஒரு மரணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அறம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பொறுப்பைக் காற்றழுத்த உணரிக் கருவியிடம் விட்டுவிடலாமே என்பார்கள். அந்தக் கருவி வந்த கதை இது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளின் டயர்ப்பட்டை பிரிந்து பலர் இறந்திருந்தனர். டயரில் கோளாறு என்றது ஃபோர்டு. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ குறைவு என்றது ஃபயர்ஸ்டோன். அதன் விளைவாக வந்த சட்டம் புதிய கார்களில் காற்றழுத்த உணரியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த விதிப்படி, அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தாலே போதும். 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 ஆகும்வரை அது பேசாமல் இருக்கலாம். உணரி கடைசிக் காவல்தான். ‘விதி முடிந்தால் வெடிக்கும்’ என்று தலைவிதியின் மேல் பொறுப்பைப் போடுவோருக்கும் பதில் உண்டு: ஊழை நம்புகிறவர்கூட அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறார்.

இப்படி எல்லாவற்றையும் பாவக்கணக்கில் எழுதினால் மனிதன் வாழ முடியுமா என்ற மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமணமே இதற்கு வழி கண்டிருக்கிறது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். ஆளுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப அளவு மாறும். இழைக்கக்கூடிய கேடு பெரிதாகவும் தடுக்கும் உழைப்பு சிறிதாகவும் இருக்கும் இடத்தில் கடமை முழுமையாகிறது. ஒரு டன் எடையை விரைந்து செலுத்துவது பெரிய கேட்டுக்கு இடம் தரும் செயல். தடுக்க வேண்டியதோ மாதம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் வால்வு மூடியைக் கழற்றி ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரையும் அளந்து பார்ப்பது. பங்கில் காற்றுக்குக் காசும் இல்லை.

பூசை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆயுதத்தை மதிப்பதாகச் சொல்லும் சடங்கு, அந்த ஆயுதம் யாரையும் தாக்காதபடி காப்பதையும் உட்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வணக்கம் பாதிதான். விபத்து நடந்த இடத்தில் கூடி ‘யார் மேல தப்பு’ என்று கேட்பது நம் வழக்கம். விபத்தில் சிக்கியவர் குற்றமற்றவராக இருக்கலாம். ஒரு கீறலும் இன்றி வீடு திரும்பியவர் தப்புச் செய்தவராகவும் இருக்கலாம். அந்தக் கேள்வியை வண்டி கிளம்பும் முன்பே நம்மிடம் கேட்டுக்கொள்வதுதான் நியாயம்.