ஆவிக்குரிய போரில் எதிரி யார்?

முப்பது ஆண்டுகளாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட, திருமலை என்று அழைக்கப்படும் திருகோணமலையில், ஆவிக்குரிய போரைப் பற்றிய பிரசங்கம் இன்றும் ஓயவில்லை. சர்வாயுதவர்க்கம், சத்துருவின் கிரியை, கட்டுகளை உடைத்தல் என்ற சொற்கள் ஜெபக் கூட்டங்களில் சரளமாகப் புழங்குகின்றன. உண்மையான போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அதே வாங்குகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் விசுவாச வாழ்க்கையைப் போர் என்று சொல்வது தகுமா? தகும் என்றால், அந்தப் போரில் எதிரி யார்?

தகாது என்பவர்களின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. அதற்கான சாட்சி திருமலைக் கோட்டை வாசலிலேயே நிற்கிறது. அந்த வாசலின் கல்லைக் கூர்ந்து பார்த்தால் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் தெரியும். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார். அந்தப் படை சிலுவைக் கொடியோடு வந்த படை. துறைமுகத்தைப் பிடிப்பது அவர்களுடைய தேவை. சத்துருவின் ஆலயத்தைத் தகர்க்கிறோம் என்பது மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். பேராசைக்கு விசுவாசத்தின் பெயரைச் சூட்டினால் என்ன விளையும் என்பதை அந்தக் கல் நானூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. திருமலையில் ஊழியம் செய்கிற எவரும் அதைப் பார்க்காததுபோலக் கடந்து போகக் கூடாது.

இருந்தாலும் போர் என்ற பேச்சையே கைவிட்டால் மனித அனுபவத்தில் ஒரு பெரும் பகுதிக்கு விளக்கம் இல்லாமல் போகும். நல்லது இன்னதென்று தெரிந்தும் மனம் அதைச் செய்ய மறுக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று வாய் சொன்ன பிறகும் வஞ்சம் உள்ளே உயிரோடு இருக்கிறது. குடியை விட்டவன் சம்பளநாள் மாலையில் படுகிற பாடு அவனுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் வளர்ச்சி, பக்குவம் என்று மென்மையாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நாளும் எதிர்த்து நிற்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆகவே போர் உண்மைதான். தீர்க்கவேண்டியது, ஆயுதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான்.

அதற்கு வேதாகமம் தரும் பதில் தெளிவானது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சர்வாயுதவர்க்கம் என்னும் போர்வீரனின் கவசத்தை வரிசையாகச் சொல்கிறார். ஆனால் அதற்கு முன்பே, இந்தப் போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு நடப்பதல்ல என்று எல்லை போட்டுவிடுகிறார். வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த சோதனையும் அதையே காட்டுகிறது. உலகத்தின் இராச்சியங்களையெல்லாம் தருகிறேன் என்று பிசாசு சொன்னபோது இயேசு அதை மறுத்தார். அந்த மறுப்புத்தான் அவருடைய வெற்றி. திருமலைக் குன்றில் கோயிலை இடித்தவர்கள், அவர் வேண்டாமென்று தள்ளியதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

பீரங்கி இல்லாமலும் அதே தவறு நடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, வாங்கிய கடன் அடைபடவில்லை என்று ஒரு குடும்பம் ஜெபத்துக்கு வருகிறது. அயல்வீட்டுக்காரி செய்வினை வைத்திருக்கிறாள் என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டால், அன்றோடு அந்த ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துவிடும். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒன்றாகக் காதில் விழுகிற ஊர் இது. இங்கே அடுத்தவரின் வழிபாட்டிடத்தைப் பிசாசின் கோட்டை என்று பேசுவது சமாதானத்தையே குலைக்கும். பகையை மூட்டுவது சத்துருவின் வேலை என்றால், அப்படிப் பேசுகிறவர் யாருக்கு வேலை செய்கிறார்?

இதற்கு ஒரு மறுப்பு எழும். போர் முழுவதும் மனத்துக்குள்தான் என்று சொன்னால், வெளியே நடக்கும் அநியாயத்தைக் கண்டும் வாய் மூடி இருக்க அது வசதியான சாக்காகிவிடாதா? நியாயமான கேள்வி. பவுலின் கவசப் பட்டியலிலேயே அதற்கு விடை உண்டு. அதில் முதலில் வருவது உண்மை என்னும் இடைக்கச்சை. அதைக் கட்டிக்கொண்டவர் அநியாயத்தின் முன் வாய் மூடி இருக்க முடியாது.

உண்மைக்குத் திருமலையில் என்ன விலை என்பது ஊருக்கே தெரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எந்தக் கோயிலில் கும்பிட்டார் என்பது இங்கே கேள்வி அல்ல. பொய்க்கு எதிரே அவர் வைத்தது ஒரு புகைப்படக் கருவியை மட்டுமே. எவரையும் பகைக்காமல் தீமையை எதிர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கை பதில் சொல்கிறது.

பாதங்களுக்குப் பவுல் சொல்வது சமாதானத்தின் பாதரட்சை. சமாதானத்துக்கும் போகவேண்டிய தூரம் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து, கிழக்கிலங்கையில் நாற்பது ஆண்டுகள் பணிசெய்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அந்தத் தூரத்தைப் போனவர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டு, பழிக்குப் பழி தொடர்ந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில், 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் உடன்வந்த தமிழ் இளைஞர் ஒருவரும் திரும்பி வரவேயில்லை. அவருடைய கையில் ஆயுதம் இருந்ததில்லை; அவர் நின்ற இடமோ போர்க்களம்.

இந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடாது. 1893இல் நிறுவப்பட்ட திருகோணமலை மறைமாவட்டத்தில் நெடுங்காலம் உழைத்த இயேசு சபையினர், தங்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில் பழகியவர்கள். அவற்றில் இரண்டு கொடிகளைப் பற்றிய தியானம் ஒன்று உண்டு. சத்துரு மனிதனை முதலில் பொருளாசையில் சிக்கவைப்பான். பொருள் வந்ததும் மதிப்பைத் தேடவைப்பான். மதிப்பு வந்ததும் அகந்தையில் கொண்டுபோய் விடுவான். கிறிஸ்துவின் கொடி எளிமையையும் அவமானத்தைத் தாங்குவதையும் தாழ்மையையும் நோக்கி அழைக்கும். இந்தப் படிகளில் எதிலும் பேய் கூச்சலிட்டு வருவதில்லை. கூலியாளின் சம்பளத்தைப் பிந்திக் கொடுத்துவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போகிறபோது, காணி எல்லையில் ஓரடி தள்ளி வேலி போடுகிறபோது, தனக்குப் பிடிக்காதவரைப் பற்றிய வதந்தியை ஜெப விண்ணப்பம் போலப் பரப்புகிறபோது, சத்துரு சத்தமில்லாமல் வென்றுவிடுகிறான். தேவபக்தி என்பது இந்தச் சிறிய இடங்களில் தோற்காமல் இருப்பது. இங்கே தோற்றுப் பழகியவர்களால் பெரிய சோதனை நாளில் உண்மைக்காக எழுந்து நிற்க இயலாது.

ஆகவே தீர்ப்பு இது. கிறிஸ்தவ வாழ்வைப் போர் என்று சொல்லலாம். ஒரு நிபந்தனையோடு மட்டும். அந்தப் போரின் எதிரி என்று ஒரு மனிதரையோ, ஓர் இனத்தையோ, ஒரு மதத்தையோ சுட்டிக்காட்டுகிற பிரசங்கம் கிறிஸ்துவுடையதல்ல. திருமலையின் குருமாரும் போதகர்களும் அதைத் தங்கள் பீடங்களிலிருந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சபையில் உள்ளவர்கள், சர்வாயுதவர்க்கத்தைத் தரித்துக்கொள்ள ஜெபிக்கும் அதே காலையில், கொடுக்கவேண்டிய கூலியைக் கொடுத்து, மறைத்த உண்மையைச் சொல்லி, பேச்சறுந்த அயல்வீட்டின் கதவைத் தட்ட வேண்டும்.