கடைசி இரண்டு நாள்

ஜூலை மாதம். லெய்டனில் இன்னும் இரண்டு நாள்தான். இரவு பத்து மணிவரை வெளிச்சம். இணையர் கால்வாயோரம் நடக்கப் போயிருந்தார். நான் வாடகை வீட்டின் ஃப்ரிட்ஜைக் காலிசெய்துகொண்டிருந்தேன். “விடு, நாளைக்குச் சேர்ந்து செய்யலாம்” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். (அந்த நாளையை எனக்குத் தெரியும்.)

யாரும் ஏவாத வேலைக்கு யாரைக் குற்றம் சொல்வது? நானாக எடுத்துக்கொண்டேன் என்றால் பாதித் தவறு என்னுடையதா? ஒத்துக்கொள்ள மனமில்லை. வீட்டை ஒப்படைக்கும் கவலை ஒருத்திக்கு மட்டுமே இருக்கும்வரை, அந்த ‘விடு’ அவருக்குச் செலவில்லாத சொல்.

இவ்வூர்ச் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் இருக்கின்றன. 1992இல் முதலில் எழுதப்பட்டது ருஷ்யக் கவி மரீனா ஸ்வெதாயெவாவுடையது. காய்கறிப் பையோடு பலமுறை கடந்திருக்கிறேன், நின்றதில்லை. அன்று ஃப்ரிட்ஜை அப்படியே மூடிவிட்டு அங்கே போய் நின்றேன்.

திரும்பியபோது அவர் கேட்டார்: “பால் ஏன் இன்னும் இருக்கு?”